நிரலில் தேடும் முன் கருப்பு வயரைப் பாருங்கள்

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலையில் பள்ளி ஆய்வகங்களில் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "நேத்து நல்லா ஓடுச்சுங்க சார், இன்னைக்கு ஓட மாட்டேங்குது." சொல்லிவிட்டு மாணவர் மடிக்கணினியைத் திறப்பார், நிரலில் ஒரு வரியை அழிப்பார், இன்னொன்றைச் சேர்ப்பார். ஒரு மணி நேரத்தில் நேற்று ஓடிய நிரலும் உருத்தெரியாமல் போயிருக்கும். யாரும் தொடாத நிரல் இரவோடு இரவாகக் கெட்டுப்போவதில்லை. பையில் வைத்துக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும்போது நகர்ந்து போவது வயர்தான்.

2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் டிங்கரிங் ஆய்வகங்கள் வழியாகவும், ஆர்வமுள்ள ஆசிரியர்களின் சொந்த முயற்சியாலும் நம் பள்ளிகளுக்குள் ஆர்டுயினோ, ராஸ்பெரி பை போன்ற பலகைகள் வந்துவிட்டன. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கையால் செய்து பார்க்கும் பழக்கத்தை ஊட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் அடுத்து கேட்பது இந்தப் பலகைகளைத்தான். ஆனால் பலகை ஒருமுறை மக்கர் செய்தால் "போர்டு போச்சு" என்று பீரோவுக்குள் போய்விடுகிறது. பிறகு வெளியே வருவதில்லை. அப்படிப் பூட்டி வைக்கப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால், பலவற்றில் பலகைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு கருப்பு வயர் கழன்றிருக்கும், அல்லது கேபிள் மெல்லியதாக இருந்திருக்கும்.

இந்தக் கட்டுரை அந்தப் பீரோவைத் திறப்பதைப் பற்றியது. மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஓம் விதி தெரிந்தால் போதும், கூடவே சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர்.

தொடங்கும் முன் ஒரு சிறு வேறுபாடு. ராஸ்பெரி பை என்பது 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த, இயங்குதளத்தோடு கூடிய முழுக் கணினி. ஆர்டுயினோ யூனோ ஒரே ஒரு நிரலைத் திரும்பத் திரும்ப ஓட்டும் நுண்கட்டுப்பாட்டுப் பலகை. இணைப்புக் கோளாறுகள் இரண்டுக்கும் பெரும்பாலும் பொது என்பதால் இங்கே இரண்டையும் 'பலகை' என்றே சொல்கிறேன். வேறுபடும் இடத்தில் பெயரைச் சொல்கிறேன்.

லாரிக்கு எர்த் எங்கே இருக்கிறது?

பலகையில் 'ஜிஎன்டி' என்று எழுதிய ஊசியை மாணவர்களுக்கு 'கிரவுண்ட்' என்று சொல்லித் தருகிறோம். பாடப்புத்தகத்தில் வீட்டு மின்சுற்றைப் படித்த மாணவர், அது மண்ணுக்குள் போகும் புவி இணைப்பு என்று நினைத்துக்கொள்கிறார். இரண்டும் வேறு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நம் பகுதியில் கைவசமே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளையும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கட்டும் பட்டறைகளையும் பார்க்காத பிள்ளைகள் குறைவு. வகுப்பில் ஒருவருடைய அப்பாவோ மாமாவோ ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருப்பார். அவர் லாரியின் பின்விளக்குக்கு எத்தனை வயர் இழுக்கிறார் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். பாசிட்டிவ் வயர் ஒன்றுதான் பேட்டரியிலிருந்து விளக்கு வரை போகும். திரும்பி வரும் பாதை வண்டியின் சேஸிஸ். பேட்டரியின் நெகட்டிவை சேஸிஸில் இறுக்கியிருப்பார்கள்; விளக்கின் மறுமுனை பக்கத்திலேயே பாடியில் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். இதை அவர்கள் 'எர்த்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் லாரி நிற்பது ரப்பர் டயர் மேல்! மண்ணோடு அதற்கு எந்த இணைப்பும் இல்லை. பலகையின் கிரவுண்டும் இதே வகைதான்: மின்னோட்டம் திரும்பி வரும் பொதுப் பாதை, எல்லா மின்னழுத்தத்தையும் எங்கிருந்து அளக்கிறோமோ அந்தப் பூச்சியம்.

அந்த எலக்ட்ரீஷியனிடம் இன்னொரு கேள்வியும் கேட்கச் சொல்லலாம். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் விளக்கும் மங்கலாக எரிகிறதே, ஏன்? "எர்த் போல்ட் துருப்பிடிச்சிருக்கும்" என்று பார்க்காமலேயே சொல்லிவிடுவார். பின்விளக்குக் கூட்டின் எர்த் கெட்டுப்போனதும், பிரேக் விளக்கின் மின்னோட்டம் திரும்பிப் போக வழியில்லாமல் பக்கத்து விளக்கின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. மின்னோட்டம் வழி தேடும். நாம் கொடுக்கவில்லை என்றால் தானே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பலகையிலும் இதுவேதான் நடக்கிறது. உணரியின் கிரவுண்ட் வயர் கழன்றுவிட்டால் உணரி முழுதாக அணைந்துவிட வேண்டும் என்பதில்லை. அதன் மின்னோட்டம் தரவு ஊசி வழியாகப் பலகைக்குள் திரும்பப் பார்க்கும். உணரியில் உள்ள சிறு எல்இடி மங்கலாக எரியும், ஏதோ ஓர் எண்ணும் வரும். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. மாணவர் "சென்சார் லைட் எரியுதுங்க சார், அப்ப கனெக்ஷன் சரிதான்" என்பார். மங்கலாக எரியும் விளக்கை நம்பக் கூடாது என்பதை லாரியைக் காட்டியே சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் 'மிதக்கும் உள்ளீடு' என்ற நிலையையும் காட்டிவிடுவது நல்லது. பலகையின் உள்ளீட்டு ஊசியை எதனோடும் இணைக்காமல் அதன் மதிப்பைத் திரையில் ஓடவிடுங்கள். 0, 1 என்று தாறுமாறாக மாறும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் மாறும். பொத்தானை அழுத்தாமலேயே விளக்கு எரிகிறது என்ற புகாருக்கு இதுதான் காரணம். ஊசியை ஒரு மின்தடையால் மேலோ கீழோ கட்டிவைக்க வேண்டும். பலகைக்குள்ளேயே அப்படி ஒரு மின்தடை உண்டு (யூனோவில் 20 முதல் 50 கிலோ ஓம் வரை). நிரலில் அதை இயக்கினால் போதும்.

மேட்டூர் அணையின் இரண்டு உயரங்கள்

சர்வோ மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் கொடுத்த பிறகு மோட்டார் நடுங்குகிறது, இஷ்டத்துக்குத் திரும்புகிறது, அல்லது அசையவே இல்லை. பேட்டரியும் புதிது, நிரலும் சரி. விடுபட்டது, பேட்டரியின் நெகட்டிவையும் பலகையின் கிரவுண்டையும் சேர்க்கும் ஒரு வயர்.

ஏன் சேர்க்க வேண்டும்? சேலம் மாவட்டப் பிள்ளைகளிடம் மேட்டூரை வைத்தே கேளுங்கள். அணை நிரம்பினால் நீர்மட்டம் எவ்வளவு? 120 அடி என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். அதே நீர்ப்பரப்பு கடல்மட்டத்திலிருந்து 790 அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டும் சரி. எங்கிருந்து அளக்கிறோம் என்பதுதான் வேறு. அணையின் அடியை வைத்துப் பேசுபவரும் கடல்மட்டத்தை வைத்துப் பேசுபவரும் அதைச் சொல்லிக்கொள்ளாமல் எண்ணை மட்டும் பரிமாறினால் மதகு எப்போது திறப்பது என்றே தெரியாது.

பலகை '5 வோல்ட்' என்று ஒரு சைகை அனுப்புகிறது. அது பலகையின் பூச்சியத்திலிருந்து 5 வோல்ட். மோட்டாருக்குள் இருக்கும் சுற்று தன் பேட்டரியின் பூச்சியத்திலிருந்து அளக்கிறது. இரண்டு பூச்சியங்களையும் ஒரு வயர் சேர்க்காதவரை அந்த 5 என்ற எண்ணுக்கு மோட்டாரிடம் பொருள் இல்லை. மின்னழுத்த வேறுபாடு என்று பாடத்தில் சொல்லும்போது 'வேறுபாடு' என்ற சொல்லைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறோம். இந்த ஒரு வயர் அந்தச் சொல்லுக்கான பாடம்.

பூச்சியங்களைச் சேர்க்கச் சொன்னதும் சில பிள்ளைகள் பாசிட்டிவையும் சேர்த்துவிடுவார்கள். 5 வோல்ட் பலகையும் 9 வோல்ட் பேட்டரியும் பாசிட்டிவில் கைகோத்தால் பலகைக்கு ஆபத்து. நெகட்டிவ் மட்டும் பொது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கோழிப்பண்ணையின் அணையாத மின்விசிறி

நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் செய்ய விரும்பும் மாதிரிகளில் ஒன்று கோழிப்பண்ணைக் கொட்டகையின் வெப்பத்தைக் கண்காணிப்பது. பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடையில் கோழிகள் வெப்பத்தில் சுருண்டு விழுவது தெரியும் என்பதால் அக்கறையோடு செய்வார்கள். அதை வைத்தே ஒரு கோளாறை முழுதாகப் பார்ப்போம். கிரவுண்ட் சிக்கல்களில் இதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது.

யூனோ பலகை, எல்எம்35 வெப்ப உணரி, மின்விசிறியைப் போட்டு அணைக்க ஒரு ரிலே. (மாதிரியில் மின்விசிறி 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பொம்மை விசிறிதான், 230 வோல்ட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.) எல்எம்35 ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் 10 மில்லிவோல்ட் தரும். 35 டிகிரி என்றால் 350 மில்லிவோல்ட். நிரல் எளிது: 35 டிகிரியைத் தாண்டினால் விசிறி ஓடட்டும், 33க்குக் கீழே வந்தால் நிற்கட்டும்.

விசிறி சரியான நேரத்தில் ஓடத் தொடங்குகிறது. ஆனால் நிற்கவே மாட்டேன் என்கிறது. திரையில் வெப்பம் 42 என்று காட்டுகிறது. அறையில் தொங்கும் வெப்பமானி 35தான் காட்டுகிறது. மாணவர் முதலில் நிரலைச் சந்தேகிப்பார், பிறகு உணரியை மாற்றுவார். புது உணரியும் அதையே சொல்லும்.

இப்போது வயரைப் பாருங்கள். உணரியின் கிரவுண்டும் ரிலேயின் கிரவுண்டும் பிரெட்போர்டில் ஒரே வரிசையில் செருகப்பட்டு, அங்கிருந்து ஒரே ஒரு ஜம்பர் வயர் பலகைக்கு வருகிறது. அந்த ஜம்பரின் முனை தளர்ந்தோ கறுத்தோ போய் 1 ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிறிய 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லி ஆம்பியர் எடுக்கும். ரிலே இயங்கும்போது அந்த வயரில் விழும் மின்னழுத்தம் 70 மில்லி ஆம்பியர் × 1 ஓம், அதாவது 70 மில்லிவோல்ட். உணரி நிற்கும் தரை பலகையின் தரையைவிட 70 மில்லிவோல்ட் உயர்ந்துவிட்டது. உணரி தன் தரையிலிருந்து 350 சொல்கிறது. பலகை தன் தரையிலிருந்து 420 என்று படிக்கிறது. 7 டிகிரி பொய்!

விசிறி நிற்க வேண்டுமானால் திரையில் 33க்குக் கீழே வர வேண்டும். அதற்கு உண்மையான வெப்பம் 26க்குக் கீழே இறங்க வேண்டும். ஏப்ரல் மாத நாமக்கல்லில் பகல் முழுதும் அது நடக்கப் போவதில்லை.

பிடிபடும் விதம் சுவையானது. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது ரிலேயின் வயரை மட்டும் கழற்றுங்கள். திரையில் 42 என்பது ஒரே நொடியில் 35 ஆகிவிடும். காற்று ஒரு நொடியில் 7 டிகிரி குளிராது என்பது 6ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் மாறியது வெப்பம் அல்ல என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுவார்கள். அடுத்து மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து, கருப்பு முனையைப் பலகையின் ஜிஎன்டி ஊசியிலும் சிவப்பு முனையை உணரியின் கிரவுண்ட் காலிலும் தொடச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் 70 தெரியும். ஒரு மாணவர் தன் கண்ணால் ஓம் விதியைப் பார்க்கும் தருணங்கள் பள்ளியில் அதிகம் கிடைப்பதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. மல்டிமீட்டரை 'பீப்' ஒலி தரும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துப் பார்த்தால் இந்த வயர் தேறிவிடும். பல மீட்டர்கள் 30, 50 ஓம் இருந்தாலும் கத்தும்; 1 ஓம் அதற்குப் பொருட்டே இல்லை. அறுந்த வயரைக் கண்டுபிடிக்க 'பீப்' போதும், அதுவும் மின்சாரத்தை அணைத்த பிறகுதான் செய்ய வேண்டும். பலவீனமான வயரைக் கண்டுபிடிக்க, மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும்.

தீர்வு, வயரை மாற்றுவது மட்டும் அல்ல. உணரிக்கு ஒரு கிரவுண்ட் வயர், ரிலேக்கு வேறொன்று, இரண்டும் தனித்தனியாகப் பலகை வரை வரட்டும். யூனோவில் ஜிஎன்டி ஊசிகள் மூன்றும், 40 ஊசி கொண்ட ராஸ்பெரி பையில் எட்டும் இருப்பது அதற்காகத்தான். மோட்டார், ரிலே போன்ற 'பெருந்தீனிக்காரர்கள்' ஒரு வாய்க்காலிலும், உணரிகள் வேறு வாய்க்காலிலும் போகட்டும்.

மாதிரியை நிஜமாகவே கொட்டகையில் வைக்கப் போகிறார்கள் என்றால் இன்னொரு எதிரியும் இருக்கிறது. கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து செம்பை அரிக்கும். வயர் முனைகள் சில வாரங்களிலேயே பச்சை பூத்துவிடலாம். செருகி எடுக்கும் ஜம்பர் வயர்கள் அங்கே நிலைக்காது. பற்றவைத்து, மேலே சுருங்கும் உறை போட்டு, பலகையை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். பச்சை பூத்த அந்த வயரைத் தூக்கி எறியாமல் உலோக அரிமானப் பாடத்துக்கு எடுத்து வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் குற்றவாளிகள்

மீட்டரை எடுக்கும் முன் கண்ணால் பார்த்தே பாதிக் கோளாறுகளைப் பிடித்துவிடலாம். நீளமான பிரெட்போர்டுகளின் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகளை உற்றுப் பாருங்கள். சில பலகைகளில் நடுவில் கோடு விட்டுப்போயிருக்கும். உள்ளே உலோகப் பட்டையும் அங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இடப்பக்கம் மின்சாரம் கொடுத்து வலப்பக்கம் உணரியைச் செருகினால் ஒன்றும் நடக்காது. ஒரு துண்டு வயரால் பாலம் போட்டால் தீர்ந்தது.

புதிதாக வாங்கும் பல உணரிகளும், 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவின் அடிப்படை வடிவமும் ஊசிகள் பற்றவைக்கப்படாமல் வரும். ஊசி வரிசை தனியாகப் பொட்டலத்தில் இருக்கும். பிள்ளைகள் அதைத் துளையில் செருகி அப்படியே பிரெட்போர்டில் அழுத்திவிடுவார்கள். சாய்ந்து தொட்டுக்கொண்டிருக்கும்வரை ஓடும், மேசை அசைந்தால் நிற்கும். "நேத்து ஓடுச்சு" வகையில் இதற்கு முதலிடம் தரலாம். பற்றவைப்புக் கோலை நாமே பிடித்தாவது ஊசிகளை ஈயம் வைத்துப் பொருத்திவிட வேண்டும். பற்று பளபளப்பாக, ஊசியைச் சுற்றிச் சரிந்து இறங்கியிருந்தால் நல்லது. உருண்டையாக, மங்கலாக இருந்தால் சூடு போதவில்லை. வெளியே ஒட்டியிருக்கும், உள்ளே பிடித்திருக்காது.

திருகு முனைகளில் வயரின் செம்பு இல்லாமல் பிளாஸ்டிக் உறை மட்டும் நசுங்கியிருப்பதையும் பாருங்கள். ஜம்பர் வயர்களில் உள்ளே அறுந்து வெளியே முழுதாகத் தெரிபவை ஏராளம். சுற்றை ஓடவிட்டு ஒவ்வொரு வயராக மெல்ல அசைத்துப் பார்த்தால் குற்றவாளி தானே காட்டிக்கொடுப்பார். அப்படி அகப்பட்ட வயரைத் திரும்ப டப்பாவில் போடாமல் அங்கேயே வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் வேறொரு குழுவின் கையில் அது வந்து சேரும்.

நிறமும் முக்கியம். பட்டையாக வரும் வயர்களில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த நிறத்தை உரித்தெடுப்பார்கள். கிரவுண்டுக்குக் கருப்பு, பாசிட்டிவுக்குச் சிவப்பு என்பதை மட்டும் ஆய்வகச் சட்டமாக்கிவிட்டால் பழுது பார்க்கும் நேரம் பெருமளவு குறையும். அதோடு ஓர் எச்சரிக்கை: பழைய வீட்டு வயரிங்கில் கருப்பு என்பது நியூட்ரல், புவி இணைப்பு பச்சை. 'கருப்பு என்றால் ஆபத்தில்லை' என்று ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டு வீட்டுச் சுவிட்சு பெட்டியைத் தொட்டுவிடக் கூடாது.

மின்னல் குறி

ராஸ்பெரி பை திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றினால் அதை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். பையின் பல மாதிரிகளில், உள்ளே வரும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் இந்தக் குறி வரும். திடீரென மறுபடி தொடங்குவது, யுஎஸ்பி விசைப்பலகை துண்டிக்கப்படுவது, நினைவக அட்டை கெட்டுப்போவது எல்லாம் இதன் பின்னால் வருபவை.

காரணம் பெரும்பாலும் கைபேசி சார்ஜரும் அதன் மெல்லிய கேபிளும். கேபிளின் இரண்டு கம்பிகளும் சேர்ந்து 0.5 ஓம் என்றால், 1 ஆம்பியர் எடுக்கும்போதே 0.5 வோல்ட் வழியில் போய்விடும். 5 வோல்ட் 4.5 ஆகிறது. அந்த இழப்பில் பாதி கிரவுண்ட் கம்பியில் நடக்கிறது என்பதையும் மாணவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ராஸ்பெரி பை 4க்குப் பரிந்துரைக்கப்பட்டது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அந்த 0.1 வோல்ட் கூடுதல் கேபிளில் போகும் இழப்புக்காக.

எப்போதும் நம் பக்கமே தவறு என்றும் நினைக்க வேண்டாம். 2019 ஜூனில் வந்த ராஸ்பெரி பை 4இன் முதல் பலகைகளில், யுஎஸ்பி-சி முனைக்குத் தேவையான ஒரு மின்தடையைத் தனியாக வைக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் அடையாளச் சில்லு பதித்த சில விலையுயர்ந்த கேபிள்களில் பலகை உயிர்பெறவே இல்லை. சாதாரணக் கேபிளில் ஓடியது. தயாரிப்பாளரே அதை ஒப்புக்கொண்டு பின்னர் வந்த பலகைகளில் திருத்தினார். 2015இல் ராஸ்பெரி பை 2க்கு நடந்தது இன்னும் வேடிக்கை. கேமராவின் செனான் ஃபிளாஷ் அடித்தால் பலகை அணைந்துபோகும்! மின்வழங்கல் பகுதியில் உறையில்லாமல் இருந்த ஒரு சிறு சில்லின் மேல் ஒளி பட்டதுதான் காரணம். அதன் மேல் ஒளி புகாத ஒட்டுப்பசை உருண்டையை வைத்ததும் சரியானது.

3.3க்கும் 5க்கும் நடுவில்

நிஜமாகவே பலகை இறந்துபோகும் இடம் இது. யூனோ 5 வோல்ட்டில் பேசும். ராஸ்பெரி பையின் ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கா. எச்சி-எஸ்ஆர்04 மீயொலித் தூர உணரியை யூனோவோடு பழகிய மாணவர், அதையே பையில் மாட்டும்போது 'எக்கோ' ஊசியிலிருந்து 5 வோல்ட் நேராக உள்ளே போகிறது. சில நாள் ஓடலாம், பிறகு அந்த ஊசி போய்விடும்.

மூன்று 1 கிலோ ஓம் மின்தடைகளை வரிசையாக இணையுங்கள். ஒரு முனை எக்கோவில், மறுமுனை கிரவுண்டில். எக்கோவிலிருந்து முதல் மின்தடையைத் தாண்டியதும் பைக்கு வயர் எடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.33 வோல்ட் கிடைக்கும். 10ஆம் வகுப்பின் தொடரிணைப்புக் கணக்கு ஒரு பலகையின் உயிரைக் காப்பாற்றுகிறது. இந்தப் பகிர்வுச் சுற்றின் கிரவுண்ட் முனை கழன்றால் 5 வோல்ட் மறுபடி பைக்கு நேரே போகத் தொடங்கும். ஆகவே அந்த முனையை முதலில் செருகி, கடைசியில் கழற்ற வேண்டும்.

சுவரில் உள்ள எர்த்

இதுவரை பார்த்தது பலகையின் தரை. மண்ணின் தரைக்கு இப்போது வருவோம். இங்கே பணயம் பலகை அல்ல, பிள்ளை.

ராஸ்பெரி பையை மானிட்டரில் இணைத்தபின், உலோகப் பகுதியைத் தொட்டால் எறும்பு கடிப்பதுபோல 'சுருக்' என்கிறது என்று மாணவர் சொன்னால், "ஒண்ணுமில்ல, லேசாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். மின்வழங்கிகளுக்குள் இரைச்சலை வடிகட்ட சிறு மின்தேக்கிகள் இருக்கும்; அவை பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் உடல் பாதி மின்னழுத்தத்தில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் அது ஒரு செய்தி சொல்கிறது: இந்தச் சாக்கெட்டில் எர்த் இல்லை. நாளை உள்ளே பேஸ் வயர் உண்மையிலேயே உடலில் பட்டால் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

மூன்று ஊசி பிளக்கை இரண்டு ஊசி அடாப்டரில் செருகியிருப்பது முதல் காரணம். எர்த் ஊசி மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். செருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும் என்பதற்காக. இரண்டாவது காரணம் எர்த் குழி. சேலம், நாமக்கல் பகுதியில் பல இடங்களில் மேல்மண் மெல்லியது, கீழே பாறை. பள்ளி கட்டியபோது கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழி கோடையில் வறண்டால் அதன் மின்தடை ஏறிவிடும். குழி எங்கே இருக்கிறது என்றே பல பள்ளிகளில் யாருக்கும் தெரிவதில்லை. அதன் மேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள். கண்டுபிடித்துக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்வது தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டிய முதல் வேலை.

சாக்கெட்டுச் சோதனையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். மாணவரோ நாமோ செய்யக் கூடாது. அவரிடம் என்ன கேட்பது என்பது நமக்குத் தெரிந்திருந்தால் போதும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில் இருக்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சரியாகப் பூச்சியம் என்று காட்டினால் மகிழ வேண்டாம். சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். எர்த் இழுக்கச் சோம்பல்பட்டு, உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால், செருகியிருக்கும் கருவியின் உலோக உடல் முழுதும் பேஸ் ஏறிவிடும். எர்த் இல்லாத சாக்கெட்டைவிட இது கொடியது. ஆய்வகத்துக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக் காப்பு ஒன்று பொருத்தச் சொல்லி அப்போதே எழுதிக் கொடுத்துவிடலாம்.

இவை சரியாகும்வரை பையை அந்த அறையில் இயக்க வேண்டாம். சரியான பிறகும் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி கேபிள்களை எல்லாம் மாட்டிவிட்டு, கடைசியில்தான் மின்சாரத்தைப் போட வேண்டும். மிதக்கும் உடலில் சேர்ந்த மின்னூட்டம் கேபிளின் சைகைக் கம்பி வழியாகப் பாய்ந்தால் பலகையின் முனை கருகும்.

பீரோவைத் திறக்கும்போது

பூட்டிக் கிடக்கும் பலகையை எடுத்ததும் அதில் செருகியிருக்கும் எல்லா வயர்களையும் உருவிவிடுங்கள். வெறும் யூனோவைக் கணினியில் இணைத்து, 13ஆம் ஊசியோடு சேர்ந்த, பலகையிலேயே உள்ள எல்இடியை விட்டுவிட்டு எரியச் செய்யும் 'பிளிங்க்' நிரலை ஏற்றுங்கள். ஏறவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மின்சாரம் மட்டும் தரும், தரவு கடத்தாத சார்ஜர் கேபிள்கள் நிறைய உலாவுகின்றன. எல்இடி கண்சிமிட்டினால் பலகை உயிரோடு இருக்கிறது. பிறகு ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் அளந்து குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பொருளைச் சேர்த்ததும் எண் மாறுகிறதோ அங்கே நில்லுங்கள்.

ஓர் ஊசி மட்டும் இறந்திருந்தால் பலகையைக் கழிக்க வேண்டியதில்லை. அந்த ஊசியின் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மற்ற ஊசிகளைப் பயன்படுத்தலாம். யூனோவின் பெரிய, நீளச் சில்லு கொண்ட வடிவத்தில் ஏடிமெகா328பி சில்லு குழியில் செருகித்தான் இருக்கும். தட்டையான திருப்புளியால் இரு பக்கமும் மாறி மாறி மெல்ல நெம்பினால் வந்துவிடும். புதுச் சில்லு வாங்கும்போது 'பூட்லோடர்' ஏற்றியதாகக் கேட்டு வாங்குங்கள். பழையதில் உள்ள அரைவட்டப் பள்ளம் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வருமாறு செருக வேண்டும். கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.